வெண்கல உடம்பும் குப்பத்து உடம்பும்

திருவல்லிக்கேணியைப் பற்றி எழுத உட்காருகிறவர்களிடம் ஒரு பட்டியல் தயாராக இருக்கிறது. பாரதி குடியிருந்த வீடு, பார்த்தசாரதி கோயில் யானை, கணித மேதை ராமானுஜன், சினிமாவில் சான்ஸ் தேடி மேன்ஷன் அறைகளில் பட்டினி கிடந்தவர்கள், சாயங்காலமானால் எல்லோரும் போய் உட்கார்ந்த கடற்கரை. கலைஞர்களை இழுத்து வைத்துக்கொண்ட கடலோர ஊர் என்று பெருமை. பேசிக்கொள்ளட்டும். அந்தக் கரையில் வலை உலர்த்தியவர்களும் மீன்கூடை சுமந்தவர்களும் பட்டியலில் ஏறுவதில்லை. பாரதி ‘இந்தியா’வில் எழுதிக்கொண்டிருந்த 1907இல், நடந்துபோகிற தூரத்து ராயப்பேட்டையில் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார் என்பதும் ஏறுவதில்லை.

இங்கே நான் வாசிக்க எடுத்துக்கொண்டது ஒரு சிலையை. மெரினாவின் வடபகுதியில் நிற்கிற உழைப்பாளர் சிலை. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்காளத்து ஜமீன் குடும்பம், அவனீந்திரநாத் தாகூரிடம் பயிற்சி, 1929 முதல் சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வர், அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர். சிலை 1959 ஜனவரி 25 அன்று வைக்கப்பட்டது. நான்கு ஆண்கள் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள், அவ்வளவுதான். சும்மா சொல்லக்கூடாது, வேலை தெரிந்த கை. பாரம் தூக்கினவனுக்குத் தெரியும் எந்த இடத்தில் முதுகு பிடிக்கும், எந்த இடத்தில் முழங்கால் நடுங்கும் என்று. இந்தச் சிற்பிக்கும் தெரிந்திருக்கிறது. ஏழையைக் காட்டினால் பார்க்கிறவனுக்கு இரக்கம் வந்தாகவேண்டும் என்கிற நம்மூர் வழக்கத்தை அவர் மதிக்கவேயில்லை. அந்த முகங்களில் கெஞ்சல் கிடையாது.

ஆனால் பேரும் கிடையாது. அங்கிருந்து தெற்கே நடந்து பாருங்கள். 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்காக வைத்த சிலைகள்: வள்ளுவர், ஔவை, கம்பர், போப், கால்டுவெல், பாரதிதாசன். எல்லோருக்கும் பீடத்தில் பேர் இருக்கிறது. காப்பியத்தில் வருகிற கண்ணகிக்குக்கூட இருக்கிறது. அவளை 2001இல் எடுத்தபோது அரசியலே கொந்தளித்தது, 2006இல் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். இதே ராய் சௌத்ரி இதே 1959இல் இதே கரைக்குச் செய்துகொடுத்தது காந்தி சிலை. காந்தி அரைத்துணியோடு நடந்தால் அந்த உடம்புக்குப் பேரும் வரலாறும் உண்டு. பாறை தள்ளுகிறவனின் அரைத்துணி உடம்பு வெறும் ‘உழைப்பு’. பள்ளியின் இரவுக் காவலாளி ஒருவர்தான் மாதிரியாக நின்றார் என்று சொல்வார்கள். திருவிதாங்கூர் கோயில் நுழைவுப் பிரகடனத்தையும் இவர் வெண்கலத்தில் வடித்திருக்கிறார். அங்கேயும் பேர் ராஜாவுக்குத்தான். உள்ளே நுழைகிற ஜனம் கும்பல்.

தோழர்கள் கோபித்துக்கொள்வார்கள்: உழைப்பு பொதுவான கருத்து, அதற்கு எதுக்குய்யா பேரும் ஊரும்? சரி. இந்தத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் 1923இல் மே தினக் கூட்டம் நடத்திய சிங்காரவேலர் மீனவர் சமூகத்தில் பிறந்தவர், அயோத்திதாசரோடு பௌத்த இயக்கத்தில் பழகியவர். உழைக்கிறவனுக்குச் சாதி உண்டு என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. வெண்கலத்தில் அந்தச் சாதி உருகிப் போய்விட்டது. பாறை பெயர்ப்பது கண்ணுக்குச் சுத்தமான வேலை, அழகியலுக்கு அடங்குகிற வேலை. மலக்குழியில் இறங்குவதை 1993இலும் 2013இலும் சட்டம் போட்டுத் தடுத்த பிறகும் இறங்கிச் செத்துக்கொண்டிருக்கிறார்களே, அந்த உடம்பை எந்தப் பீடத்தில் ஏற்றுவது? பொது உழைப்பு என்று சொன்னதும் முதலில் தொலைந்துபோகிறவர்கள் அவர்கள். அடுத்து பெண்கள். கூடை தூக்கியே கழுத்து இறுகிப்போன பெண்கள் நிறைந்த கரையில், நான்கு உருவமும் ஆண்.

1985 கடைசியில் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று அரசாங்கம் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற வந்தது. குப்பத்து ஜனம் எதிர்த்து நின்றது. போலீஸ் சுட்டதில் மீனவர்கள் செத்தார்கள். அன்றைக்கும் உழைப்பாளர் சிலை அதே கரையில் நின்றுகொண்டுதான் இருந்தது. அதை யாரும் அசிங்கம் என்று சொல்லவில்லை. வெண்கலத்தில் வியர்வை நாறுவதில்லை.

ராய் சௌத்ரியின் மாணவர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். அதை நான் மதிக்கிறேன். ஓவியர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுப் பிழைத்தார்கள், சொந்த நிலத்தில் வீடு கட்டினார்கள். கலைஞனுக்குக் கடலோரத்தில் ஒரு துண்டு மண் வேண்டும் என்பது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. குப்பத்துக்காரன் அதையே கேட்டால் ஆக்கிரமிப்பு. சுனாமிக்குப் பிறகு நகரத்துக் குப்பங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்களைச் செம்மஞ்சேரிக்கு ஏற்றி அனுப்பினார்கள். அங்கே கடல் இல்லை.

மீனவர் வேறு, தலித் வேறு, ஏன் கலக்கிறாய் என்று நம் ஆட்களே கேட்கலாம். வேறுதான், குப்பத்துக்குள்ளும் சாதி பார்க்கிறவன் இருக்கிறான். அதைத் தனியாகப் பேச வேண்டும். ஆனால் 2017 ஜனவரி 23 அன்று, ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைக் கலைத்த போலீஸ் திருவல்லிக்கேணிக்குள் நுழைந்தபோது, மீனவர் தெரு, தலித் தெரு என்று பிரித்துப் பார்க்கவில்லை. நடுக்குப்பத்து மீன் சந்தை எரிந்தது. போலீஸ்தான் கொளுத்தியது என்று அங்கே கடை போட்டிருந்த பெண்கள் கேமராவுக்கு முன்னாலேயே சொன்னார்கள். கருகிய கூடையையும் தராசையும் எடுத்துக் காட்டினார்கள். ராய் சௌத்ரியின் வெண்கலத்தில் இடம் கிடைக்காத பெண்கள் இவர்கள். அவர்கள் சொன்னதைப் பேரோடு, முழுசாக, அவர்கள் பேச்சிலேயே அச்சில் கொண்டுவர வேண்டும். எடுத்து வைத்திருப்பவர்கள் இந்த இதழுக்கு அனுப்புங்கள்.