உச்சுக் கொட்டும் உலகம்

அமெரிக்காவில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு, இத்தனை பேர் பலி என்று டிவியில் ஓடுகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? இரண்டு தடவை உச்சுக் கொட்டுவீர்கள். 'என்ன ஊருய்யா அது, கத்திரிக்காய் மாதிரி துப்பாக்கி விக்கிறான்' என்பீர்கள். மச்சினர் பையன் அங்கே இருந்தால் ஒரு வாட்ஸப் போகும். 'நாங்க இருக்கறது டெக்சாஸ். இது நடந்தது வேற எங்கயோ' என்று பதில் வரும். அப்புறம் சானல் மாற்றி கிரிக்கெட்.

குறை சொல்லவில்லை. லண்டனிலும் மெல்பர்னிலும் டோக்கியோவிலும் இதே கதைதான். என்ன, அவர்கள் இந்த உச்சுக் கொட்டலைச் சினிமாவாகவும் மேடைக் காமெடியாகவும் ஆக்கிவிட்டார்கள். நாம் வாட்ஸப்போடு நிறுத்திக்கொண்டோம். அமெரிக்கத் துப்பாக்கியைப் பார்த்து அடுத்த ஊர்க்காரன் அடிக்கும் கமெண்ட், இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு தனிக் கலை வடிவமாகவே வளர்ந்திருக்கிறது. அதில் பேர்பெற்றவை சிலவற்றை வரிசையாகப் பார்த்தேன். ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் பார்க்கிறவனின் முதுகைத் தடவிக் கொடுக்கின்றன என்பது என் கட்சி.

முதலில் மைக்கேல் மூரின் 'பௌலிங் ஃபார் கொலம்பைன்' (2002). மூர் அமெரிக்கர்தான். ஆனால் படத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்களில் வெளியூர்க்காரர்கள் அதிகம். 1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோவில் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இரண்டு பேர், 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக்கொன்றுவிட்டுத் தாங்களும் செத்துப்போனார்கள். ஏன் என்று கேட்டுக்கொண்டு மூர் காமிராவோடு கிளம்புகிறார். மிச்சிகனில் ஒரு பாங்க்கில் கணக்குத் தொடங்குகிறார். கணக்குத் தொடங்கினால் துப்பாக்கி பரிசு! நம் ஊர் பாங்க்கில் பால்பாயின்ட் பேனாவையே நூல் போட்டுக் கட்டி வைத்திருப்பார்கள்.

படத்தில் நல்ல இடம் ஒன்று இருக்கிறது. கொலம்பைனில் குண்டடிபட்டுப் பிழைத்த இரண்டு பையன்களை அழைத்துக்கொண்டு, அந்தக் குண்டுகளை விற்ற கே-மார்ட் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குப் போகிறார் மூர். குண்டு இன்னும் உடம்பில் இருக்கிறது, ரிட்டர்ன் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு கைத்துப்பாக்கிக் குண்டு விற்பதையே படிப்படியாக நிறுத்துகிறோம் என்று கம்பெனி அறிவித்துவிடுகிறது. மூருக்கே வாய் அடைத்துப் போகிறது. படத்தில் அவர் வாயடைத்து நிற்பது அநேகமாக அங்கே மட்டும்தான்.

மோசமான இடம், கனடா. எல்லை தாண்டி அந்தப் பக்கம் போய் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தள்ளிப் பார்க்கிறார். பூட்டவே இல்லை. ஆஹா, பயமில்லாத ஜனங்கள்! இன்னோர் இடத்தில் ஒரு பட்டியல் ஓடுகிறது. ஒரு வருஷத்தில் துப்பாக்கியால் கொல்லப்பட்டவர்கள் ஜப்பானில் 39, ஆஸ்திரேலியாவில் 65, கனடாவில் 165, அமெரிக்காவில் 11,127. கான் திரைப்பட விழாவில் ஜனம் எழுந்து நின்று கை தட்டித் தீர்த்தது. விழாவின் 55-ஆவது ஆண்டுச் சிறப்புப் பரிசும் கிடைத்தது. தட்டியவர்களில் பலருக்கு அந்தப் பட்டியல் தங்கள் ஊருக்குக் கிடைத்த மார்க் ஷீட்.

பூட்டாத கதவுக் கனடாவில்தான் 1989 டிசம்பரில் மான்ட்ரியால் என்ஜினீயரிங் கல்லூரி ஒன்றில் 14 பெண்களைப் பெண்கள் என்பதற்காகவே ஒருவன் கொன்றான். ('டூன்' எடுத்த டெனி வில்னவ் 2009-ல் இதைக் கறுப்பு வெள்ளையில் 'பாலிடெக்னிக்' என்று படமாக்கியிருக்கிறார்.) 2020 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியாவில் 22 பேர் போனார்கள். இரண்டு வாரத்துக்குள் சுமார் 1,500 வகைத் துப்பாக்கிகளுக்குக் கனடா தடை போட்டது. மார்க் ஷீட் நிரந்தரமில்லை.

அடுத்த வருஷமே கானில் தங்கப் பனையை வாங்கிய 'எலிஃபண்ட்' (2003) வேறு ரகம். கஸ் வான் சான்ட் காரணமே சொல்வதில்லை. மாணவர்கள் காரிடாரில் நடக்கிறார்கள், காமிராவும் பின்னாலேயே நடக்கிறது. ஒரு கட்டத்தில் சுடுகிறார்கள். தலைப்பும் பாணியும் பிரிட்டனிலிருந்து கடன் வாங்கியவை. ஆலன் கிளார்க் 1989-ல் பிபிசிக்காக எடுத்த 'எலிஃபண்ட்', வட அயர்லாந்தில் தினம் நடந்த கொலைகளைப் பற்றி. வசனம் கிட்டத்தட்டக் கிடையாது. ஒருவன் நடந்துபோவான், சுடுவான், பிணம். மறுபடி வேறொருவன் நடப்பான். அமெரிக்கப் பள்ளிக் கொலையை எப்படிக் காட்டுவது என்ற இலக்கணம் பிரிட்டனின் சொந்தக் கொல்லைப்புறத்திலிருந்து வந்திருக்கிறது. உச்சுக் கொட்டும் பிரிட்டிஷ்காரர்களுக்கு இதை யாராவது ஞாபகப்படுத்தலாம்.

இனி காமெடி. ஆஸ்திரேலிய மேடைக் கலைஞர் ஜிம் ஜெஃப்ரீஸ், 2014-ல் பாஸ்டன் நகரத்தில் அமெரிக்கர்கள் முகத்துக்கு நேரே நின்று துப்பாக்கியைக் கிண்டலடித்தார். அமெரிக்காவில் எங்கே சூடு நடந்தாலும் அந்த கிளிப் மறுபடி உயிர்பெற்று உலகம் சுற்றும். உங்களுக்கும் வந்திருக்கும். தற்காப்புக்கு, அரசாங்கத்தை எதிர்க்க என்று சொல்வதெல்லாம் கதை, 'எனக்குத் துப்பாக்கி பிடிக்கும்' என்பதுதான் யோக்கியமான ஒரே வாதம் என்கிறார். அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தத்தை மாற்ற முடியாதா? பேரே திருத்தம்தானே என்கிறார். வயிறு வலிக்கச் சிரித்தேன். மனுஷன் கெட்டிக்காரர்.

சிரித்து முடித்து யோசித்தால் ஓட்டை தெரிகிறது. ஆஸ்திரேலியாவில் ஒரு கொலை நடந்தது, அரசாங்கம் துப்பாக்கியை வாங்கிக்கொண்டது, ஜனம் சரி என்று கொடுத்துவிட்டது, அப்புறம் கொலையே இல்லை. இவ்வளவு சுலபமாகவா?

நடந்தது இது. 1996 ஏப்ரல் 28. டாஸ்மேனியாவில் போர்ட் ஆர்தர் என்ற பழைய சிறைச்சாலை, இப்போது சுற்றுலாத் தலம். அங்கே ஒருவன் 35 பேரைக் கொன்றான். பிரதமர் ஜான் ஹோவர்ட் பதவிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வலதுசாரி, துப்பாக்கிப் பிரியர்களில் பாதிப் பேர் அவர் கூட்டணிக்கு ஓட்டுப் போட்டவர்கள். சட்டமோ மாநிலங்கள் கையில். 12 நாளில், மே 10 அன்று எல்லா மாநிலங்களையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து ஒப்புக்கொள்ள வைத்தார். மருத்துவக் காப்பீட்டு வரியை ஒரே ஒருமுறை கொஞ்சம் உயர்த்தி, அந்தப் பணத்தில் சுமார் 6,50,000 துப்பாக்கிகளை விலைக்கு வாங்கி உடைத்துப் போட்டார்கள். விக்டோரியா மாநிலத்தில் ஒரு சிற்றூரில் கோபமான கூட்டத்தின் முன்னால் ஹோவர்ட் கோட்டுக்குள்ளே குண்டு துளைக்காத கவசம் போட்டுக்கொண்டு பேசினார். கோட்டு புடைத்துக்கொண்டு காட்டிக்கொடுத்துவிட்டது. குவீன்ஸ்லாந்து முதல்வர் ராப் போர்பிட்ஜ் சட்டத்துக்குத் துணை நின்றார். 1998 தேர்தலில் ஒன் நேஷன் என்ற புதுக் கட்சி 11 இடங்களைப் பிடித்தது, போர்பிட்ஜ் வீட்டுக்குப் போனார்.

இதில் சிரிக்க அதிகம் இல்லை, அதனால் கிளிப்பில் இடமில்லை. 2013-ல் ஜான் ஆலிவர் 'டெய்லி ஷோ'வுக்காக ஆஸ்திரேலியா போய் ஹோவர்டையே பேட்டி எடுத்தார். அவர் இந்த அரசியல் விலையைக் கொஞ்சமாவது தொடுகிறார். அதனாலேயே அவருக்கு ஒரு மார்க் கூட. அது ஒளிபரப்பான அதே ஏப்ரலில்தான், சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் செத்து நாலு மாதம் கழித்து, துப்பாக்கி வாங்குகிறவரின் பின்னணியைக் கொஞ்சம் அதிகமாக விசாரிக்கலாம் என்ற யோசனை அமெரிக்க செனட்டில் ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 54, எதிர்ப்பு 46. அந்த ஊர்க் கணக்கில் 60 வேண்டுமாம். தோற்றது. ஜனம் முட்டாள், அதனால் நடக்கிறது என்று உச்சுக் கொட்டுகிறவர்கள் அந்த 54-ஐயும் பார்க்க வேண்டும். 2022-ல் யுவால்டியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் போன பிறகு ஒரு சின்னச் சட்டம் அதே செனட்டைத் தாண்டியது. கிட்டத்தட்ட முப்பது வருஷத்தில் அதுதான் முதல்.

உச்சுக் கொட்டாமல் வேறு ஏதாவது செய்த வெளியூர்க்காரர்கள் உண்டா? உண்டு. 1992 அக்டோபரில் லூசியானாவில் 16 வயது ஜப்பானிய மாணவன் ஒருவன், ஹாலோவீன் பார்ட்டிக்குப் போகிற வழியில் வீடு மாறி அழைப்பு மணியை அடித்துவிட்டான். வீட்டுக்காரர் 'அசையாதே' என்று கத்தியது அவனுக்குப் புரியவில்லை. சிரித்த முகத்தோடு முன்னால் வந்தான். சுட்டுவிட்டார். கோர்ட் அவரை விடுதலை செய்தது. நகோயாவில் அந்தப் பையனின் அப்பாவும் அம்மாவும் 17 லட்சம் ஜப்பானியர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய் 1993 நவம்பரில் அதிபர் கிளின்டனைச் சந்தித்தார்கள். அந்த மாதக் கடைசியில் கைத்துப்பாக்கி வாங்க ஐந்து நாள் காத்திருக்க வேண்டும் என்ற பிரேடி சட்டத்தில் கிளின்டன் கையெழுத்துப் போட்டார். கையெழுத்தால்தான் சட்டம் வந்தது என்று சொல்ல மாட்டேன். அந்தச் சட்டத்துக்கு அமெரிக்கர்களே பல வருஷம் போராடியிருக்கிறார்கள். ஆனால் அவ்வளவு பேர் மெனக்கெட்டிருக்கிறார்கள்.

நமக்கும் ஒரு சந்தர்ப்பம் வந்தது. 2007 ஏப்ரலில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் கொல்லப்பட்ட 32 பேரில் ஈரோடு மாவட்டத்தில் பிறந்து கோவையில் என்ஜினீயரிங் படித்த நீரியல் பேராசிரியர் ஒருவரும் இருந்தார். வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார். துப்பாக்கிச் சட்டம் பற்றி நம்மிடமிருந்து ஒரு கையெழுத்து இயக்கம் கிளம்பியதாக எனக்கு நினைவில்லை. விசா க்யூ மட்டும் குறையவில்லை.

இப்போது அந்த ஒன்று. 'நிட்ரம்' (2021), ஜஸ்டின் கர்செல் எடுத்த ஆஸ்திரேலியப் படம். போர்ட் ஆர்தர் கொலைக்காரனின் அதற்கு முந்தைய வாழ்க்கை. அவன் பேரைப் படம் ஒரு தடவைகூடச் சொல்வதில்லை. தலைப்பு, பேரைத் திருப்பிப் போட்ட பட்டப்பேர். அம்மாவாக ஜூடி டேவிஸ். அவர் முகத்தில் இருக்கும் களைப்பைப் பார்த்தால் நமக்கே எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்கத் தோன்றும். கொலைகாரனாக நடித்தவர் கேலப் லேண்ட்ரி ஜோன்ஸ், டெக்சாஸ்காரர். கானில் சிறந்த நடிகர் விருது. டாஸ்மேனியாவில் பலர் இந்தப் படமே வேண்டாம் என்றார்கள். காயம் ஆறாத ஊர், அவர்கள் கோபமும் நியாயம். படத்தையும் அங்கே எடுக்கவில்லை.

ஒரு காட்சி. துப்பாக்கிக் கடைக்குள் அவன் போகிறான். கை நிறையப் பணம். கடைக்காரர் நம் ஊர் ஜவுளிக்கடைக்காரர் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். லைசென்ஸ்? இல்லை. அது பெரிய தடையாகத் தெரியவில்லை. பையை நிரப்பிக்கொண்டு போகிறான். பின்னணி இசை மிரட்டவில்லை, யாரும் முறைக்கவில்லை, சாதாரண வியாபாரம். நான் பார்த்த துப்பாக்கிப் படங்களில் இவ்வளவு பயங்கரமான காட்சி இல்லை. கடை இருப்பது அமெரிக்காவில் இல்லை என்பதுதான் அதில் விஷயம். உச்சுக் கொட்ட வழியே விடாமல் கர்செல் கடைக்கதவைச் சாத்திவிடுகிறார்.

இன்னோரிடத்தில் வீட்டு டிவியில் டன்பிளேன் செய்தி ஓடுகிறது. 1996 மார்ச்சில் ஸ்காட்லாந்தில் அந்த ஊர்ப் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டார்கள். பிரிட்டன் அதற்குப் பிறகு கைத்துப்பாக்கியையே ஒழித்துக்கட்டியது. ஒலிம்பிக்ஸ் பிஸ்டல் வீரர்கள்கூட வெளிநாட்டுக்குப் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டி வந்தது. அந்தச் செய்தியை ஆஸ்திரேலியாவில் லட்சக்கணக்கானவர்கள் பார்த்து உச்சுக் கொட்டியிருப்பார்கள். படத்தில் இவன் பார்க்கிறான்.

கடைசியில் எழுத்தில் சில வரிகள் வருகின்றன. ஒப்பந்தத்தை எந்த மாநிலமும் முழுசாக நிறைவேற்றவில்லை, இப்போது ஆஸ்திரேலியாவில் இருக்கும் துப்பாக்கிகள் 1996-ல் இருந்ததைவிட அதிகம் என்கின்றன. ஜெஃப்ரீஸின் கிளிப்பை அனுப்புகிறவர்கள் இதைச் சேர்த்து அனுப்புவதில்லை. சட்டத்தால் பலனில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குடும்பத்துக்குள் நடந்த கொலைகள் உண்டு என்றாலும், பொது இடத்தில் போர்ட் ஆர்தர் மாதிரி ஒன்று கிட்டத்தட்ட முப்பது வருஷம் அங்கே நடக்கவில்லை. அமெரிக்காவில் முப்பது நாள் சும்மா இருந்தால் ஆச்சரியம்.

2025 டிசம்பர் 14. சிட்னியில் போண்டி கடற்கரை. யூதர்களின் ஹனுக்கா பண்டிகைக் கூட்டத்தில் ஓர் அப்பாவும் மகனும் சுட்டு 15 பேரைக் கொன்றார்கள். அப்பாவிடம் இருந்தவை ஆறு துப்பாக்கிகள், முறையாக லைசென்ஸ் வாங்கியவை. ஒரு வாரத்துக்குள் பிரதமர் ஆல்பனீஸ் மறுபடியும் துப்பாக்கிகளை விலைக்கு வாங்கும் திட்டத்தை அறிவித்தார். நான் 'நிட்ரம்' பார்த்தது இதற்கப்புறம்தான். கடைசி எழுத்து வரிகளை நிறுத்தி வைத்து இரண்டு தடவை படித்தேன்.

கிடைத்தால் பாருங்கள். கூட்டக்கொலைக் காட்சி கிடையாது, ஆனாலும் குழந்தைகளை வைத்துக்கொண்டு வேண்டாம். சாப்பிட்டுவிட்டுப் பார்ப்பது நல்லது. அப்புறம் சாப்பிட முடியாது.