ஐம்பத்திரண்டின் அழகு

ஏற்காட்டிலிருந்து குப்பனூர்ச் சாலையில் இறங்கி, அயோத்தியாப்பட்டணத்தில் கிழக்கே திரும்பினால் வாழப்பாடி. அதையொட்டிய காட்டுவேப்பிலைப்பட்டியில், எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை தெரிகிற வெளியில், சேலம் கிரிக்கெட் அறக்கட்டளையின் மைதானம் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் ராகுல் திராவிட் கலந்துகொள்ள, திறப்பு விழா நடந்தது. தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் பிளே-ஆஃபில் கோவைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே ஒரு பாக்கி விழுந்ததும் இங்கேதான். 2023 ஜூலை 7, முதல் குவாலிஃபயர். கோவை 30 ரன் வித்தியாசத்தில் வென்று நேரே இறுதிக்குப் போனது. அஸ்வின் அன்று திண்டுக்கல் அணியில் இல்லை. இந்திய அணியோடு மேற்கிந்தியத் தீவுகளில் இருந்தார்.

அமெரிக்க பேஸ்பாலின் உலகத் தொடரில் இரண்டு அணிகள் ஏழு ஆட்டம் வரை மோதும். திங்கட்கிழமை தோற்றவன் புதன்கிழமை திருத்திக்கொள்ளலாம். நம் பிளே-ஆஃப் வேறு வகை. 1931இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா கால்பந்தில் புகுந்த பேஜ் முறை இது: புள்ளிப் பட்டியலின் முதல் இரண்டு அணிகளுக்கு ஒரு தோல்வி மன்னிக்கப்படும், மூன்றாவது, நான்காவது அணிகளுக்கு அதுவும் கிடையாது. 2023இல் கிடைத்த மன்னிப்பைத் திண்டுக்கல் நெல்லையிடம் தொலைத்தது. அந்த நெல்லையை இறுதியில் 104 ரன்னில் நொறுக்கிக் கோவை கோப்பையைத் தூக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு இறுதியை மழை கெடுத்ததால் சேப்பாக்கத்தோடு கோப்பையைப் பகிர்ந்துகொண்ட அணியும் கோவைதான்.

திண்டுக்கல்லுக்கோ இறுதி ஆட்டம் என்றாலே ராசியில்லை. 2018இல் மதுரையிடம் தோற்றது. 2019இல் சேப்பாக்கத்திடம் 12 ரன்னில் தோற்றது. அன்று 15 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்துக் கதையை முடித்தவர் பெரியசாமி. கிரிக்கெட் வீரர் நடராஜனின் ஊரான சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டிக்காரர்.

2024இல் திண்டுக்கல் வந்தது மன்னிப்பில்லாத வழியில். மூன்று ஆட்டம், மூன்றையும் வென்றாக வேண்டும். மூன்றிலும் இலக்கைத் துரத்தியது. மூன்றிலும் கேப்டன் அஸ்வின் அரைசதம் அடித்தார். எலிமினேட்டரில் சேப்பாக்கத்துக்கு எதிராக 35 பந்தில் 57. இரண்டாம் குவாலிஃபயரில் திருப்பூரை 108க்குச் சுருட்டிவிட்டு, 30 பந்தில் ஆட்டமிழக்காமல் 69. பதினோரு ஓவருக்குள் வேலை முடிந்தது. ஆகஸ்ட் 4, சேப்பாக்கம் மைதானம், இறுதி ஆட்டம். எதிரே அதே கோவை. 46 பந்தில் 52.

ரசிகர்களின் கைப்பேசியில் சுற்றியது அந்த 69தான். தப்பில்லை, கண்ணுக்கு விருந்து அது. ஆனால் தராசில் வைத்தால் 52தான் கனம். 109 என்ற இலக்கில் துணிந்து அடித்துத் தவறினாலும் பின்னால் வருபவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இறுதியில் நிலைமை அப்படியல்ல. கோவையை 129க்குக் கட்டிப்போட்டது பந்துவீச்சாளர்களின் சாதனை. ஆனால் துரத்தத் தொடங்கியதும் இரண்டு விக்கெட் போய்விட்டது. ஓவருக்கு ஆறரை ரன் என்பது சுலபமாகத் தெரியும். அந்தச் சுலபம்தான் பொறி. அவசரப்பட்டால் விக்கெட் போகும். பயந்து முடங்கினால் ஆறரை எட்டாகும், எட்டு பத்தாகும்.

ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பஸ் ஓட்டுகிறவர் அடுத்த திருப்பம் வரும் முன்பே கியரை மாற்றிவிடுவார். வண்டி திணறாது, உள்ளே இருப்பவருக்கு மாற்றியதே தெரியாது. சக வீரர் பாபா இந்திரஜித்தோடு சேர்ந்து அஸ்வின் ஆடியது அப்படி. ஒன்றும் இரண்டுமாக ஓட்டம், இடையே தோதான பந்து வந்தால் மட்டும் பெரிய அடி. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் ராஜ்கோட்டில் 500வது டெஸ்ட் விக்கெட்டை எடுத்திருந்தார். மட்டையாளரின் பொறுமை எங்கே உடையும் என்று பல ஆண்டுகளாக வலை விரித்தவருக்கு, எதிரணி தனக்கு விரிக்கும் வலை எங்கே இருக்கும் என்பது தெரியாதா? கோவை அவசரத்தை எதிர்பார்த்தது. அது மட்டும் கிடைக்கவில்லை. அவர் ஆட்டமிழந்தபோது தேவைப்பட்டது கொஞ்சம் ரன், இருந்தது நிறைய விக்கெட். சரத் குமார் விறுவிறுவென்று அடித்து, பத்து பந்து மிச்சம் வைத்து முடித்தார். திண்டுக்கல்லுக்கு முதல் கோப்பை.

ஸ்ட்ரைக் ரேட்டை மட்டும் பார்ப்பவருக்கு இந்த மூன்று ஆட்டங்களும் 163, 230, 113 என்று ஏறி இறங்கியதாகவே தெரியும். இலக்கையும் விழுந்த விக்கெட்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு, ஒரே கை மூன்று விதமான பூட்டைத் திறந்தது தெரியும். வேகமாக அடிக்கத் தெரிந்தவர்கள் இந்த லீக்கில் ஏராளம். இருபது ஓவர் ஆட்டத்தில் எப்போது அடிக்காமல் இருப்பது என்று தெரிந்தவர்கள் அரிது. அந்த அரிதை ரசிக்கப் பழகிவிட்டால், சிக்ஸர் இல்லாத ஓவரிலும் நமக்குப் பார்க்க நிறைய இருக்கும்.