ஆணி இல்லாத போர்ப்படகு

டென்மார்க்கின் தெற்கே ஆல்ஸ் என்றொரு தீவு. அங்கே ஹியோர்ட்ஸ்பிரிங் என்னும் இடத்துச் சிறு சதுப்பிலிருந்து 1921, 1922ஆம் ஆண்டுகளில் குஸ்தாவ் ரோசன்பெர்க் தோண்டி எடுத்த போர்ப்படகுக்கு இரண்டாயிரத்து இருநூறு வயதுக்கு மேல். அதைச் செலுத்தியவர்களுக்கு இரும்பு புதிதல்ல. கூடவே கிடைத்த ஈட்டிமுனைகளில் 138 இரும்பால் ஆனவை. ஆனால் படகில் ஓர் ஆணிகூட இல்லை. முழுக்க முழுக்க நாரால் தைத்த படகு.

அந்தத் தையலை வியந்துவிட்டு நகர்ந்துவிடலாம்தான். எனக்கு அதைவிடப் பெரிய வித்தை பலகைகளின் உட்புறத்தில் இருக்கிறது. லிண்டன் மரத்துப் பலகை, இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான கனம். அதன் உள்முகத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன மரக்கட்டிகள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. அவை ஒட்டியவையும் அல்ல, செருகியவையும் அல்ல. மரத்தைச் செதுக்கும்போதே அந்த இடங்களை மட்டும் விட்டுவிட்டு, சுற்றியுள்ளதையெல்லாம் சீவித் தள்ளியிருக்கிறார்கள். கட்டிகளில் துளையிட்டு, வளைத்த ஹேசல் கழிகளை வங்குகளாக, அதாவது படகின் விலா எலும்புகளாக, வைத்துக் கட்டினார்கள். அப்படியானால் முதல் பலகையில் கோடரி விழுவதற்கு முன்பே எந்த வங்கு எங்கே வரும், எந்த இருக்கை எதற்கு மேல் அமரும் என்று தச்சனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கட்டியைத் தவறுதலாகச் சீவிவிட்டால் அத்தனை நீளப் பலகையும் வீண். வரைபடம் எதுவும் கிடைக்கவில்லை. மரமே வரைபடம்.

பாகங்களும் அதிகமில்லை. அகலமான அடிப்பலகை ஒன்று, பக்கத்துக்கு இரண்டு பலகைகள், இரு முனைகளிலும் குடைந்தெடுத்த மரத்துண்டு ஒவ்வொன்று. தைக்க லிண்டனின் உட்பட்டை நாரையே எடுத்துக்கொண்டார்கள். பலகை தந்த மரமே கயிறும் தந்தது. தையல் துளைகளிலும் இணைப்புகளிலும் பிசின் பூசி, நீர் புகாதபடி கலப்பத்து செய்தார்கள். அலை தூக்கும்போது இப்படிப்பட்ட உடல் விறைத்து நிற்காது, கொஞ்சம் நெளிந்து கொடுக்கும்.

முனைக் கொம்புகளையும் சேர்த்தால் நீளம் ஏறக்குறைய 19 மீட்டர், அகலம் இரண்டு மீட்டர். எடை சுமார் 530 கிலோ. இருபது பேருக்கு மேல் சுமக்கும் கலத்துக்கு இது நம்ப முடியாத இலேசு. ஏறி வந்தவர்களே தூக்கினால் ஆளுக்கு ஏறக்குறைய இருபத்தைந்து கிலோதான் வரும். துறைமுகம் தேவையில்லை, கரையில் குதி, படகைத் தூக்கு, மறை. முன்பக்கமான அணியத்துக்கும் பின்பக்கமான அமரத்துக்கும் வேறுபாடே கிடையாது. இரண்டு முனையும் ஒரே வடிவம், இரண்டிலும் சுக்கான் துடுப்பு. ஓட வேண்டி வந்தால் படகைத் திருப்ப வேண்டாம், ஆட்கள் திரும்பி உட்கார்ந்தால் போதும். கொள்ளைக்கோ படையெடுப்புக்கோ போகிறவன் திரும்பி வருவதையும் யோசித்துத்தான் கட்டியிருக்கிறான்.

அந்தக் கொம்புகள்! ஒவ்வொரு முனையிலும் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு. எதிரிப் படகை முட்டி உடைக்கவா? இரண்டு சென்டிமீட்டர் பலகையோடு முட்டினால் உடைவது தன் படகாகத்தான் இருக்கும். சுவீடனின் தானும் பகுதிப் பாறைகளில் வெண்கலக் காலத்தவர் செதுக்கிய படகுகளிலும் இதே இரட்டைக் கொம்பைப் பார்க்கலாம். வெறும் கோடுகளாகத் தெரிந்தவை உண்மையான படகின் உருவங்களே என்று காட்டியது இந்தச் சதுப்புதான். பல நூற்றாண்டுகள் ஒரு வடிவத்தை விடாமல் கட்டி வந்திருக்கிறார்கள். கொம்பின் பயனைப் பற்றி அறிஞர்கள் வாதாடட்டும். படகு படகாகத் தெரிய அது வேண்டியிருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பத்துக் குறுக்குப்பலகைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். அவர்கள் வலித்தது தண்டு அல்ல, கைத்துடுப்பு. தண்டு வலிப்பவன் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்காருவான். கைத்துடுப்புப் போடுகிறவனுக்குக் கரை கண்ணெதிரே வரும். அந்த இருபது பேரும் கூலிக்குத் துடுப்புப் போட்டவர்கள் அல்லர், போர்வீரர்கள். இறங்கியதும் துடுப்பை வைத்துவிட்டு ஈட்டியை எடுக்க வேண்டியவர்கள். ஆல்ஸ் தீவின் ஆர்வலர்கள் பழைய முறையில் கட்டி 1999இல் நீரில் இறக்கிய ‘டிலியா அல்சி’ என்ற மறுபடைப்பு, மூச்சைப் பிடித்துப் போட்டபோது மணிக்கு 15 கிலோமீட்டர் அளவுக்குப் பாய்ந்தது.

படகோடு கிடைத்த ஆயுதக் குவியலில் அவர்களுடைய படிநிலை தெரிகிறது. வாள்கள் பதினொன்றே, எல்லாம் ஒருபக்கக் கூர். மரக் கேடயங்கள் ஐம்பதுக்கு மேல். எலும்பிலும் மான்கொம்பிலும் செய்த ஈட்டிமுனைகள் 31. வாள் தலைவர்களுக்கு, ஈட்டியும் கேடயமும் மற்றவர்களுக்கு என்பது ஆய்வாளர் கருத்து. இத்தனை ஆயுதம் ஒரு படகில் வந்திருக்க முடியாது. நான்கு படகுகள் வரை வந்திருக்கலாம் என்கிறார்கள். தீவைத் தாக்க வந்தவர்கள் தோற்றார்கள். வென்ற தீவுக்காரர்கள் படகையும் ஆயுதங்களையும் சதுப்புக்குக் காணிக்கையாக்கினார்கள். பயன்படுத்தத் தகுந்த படகு, உருக்கத் தகுந்த இரும்பு என்றெல்லாம் பார்க்கவில்லை.

எங்கிருந்து வந்தார்கள்? இன்றைய ஹாம்பர்க் பக்கம் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். நூறு ஆண்டுகளாகப் பாதுகாப்புக்கான வேதிப்பொருள் படாமல் ஒதுங்கிக் கிடந்த பிசின் துண்டுகளை லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அண்மையில் சோதித்தார்கள். பைன் மரப் பிசின். ஒரு துண்டில், காய்வதற்கு முன் யாரோ அழுத்திய விரலின் ரேகைத் துணுக்கும் இருந்தது. அக்காலத்து டென்மார்க்கில் பைன் காடு அரிது, பால்டிக் கரையோரமாகக் கிழக்கே போனால் உண்டு. அங்கிருந்து வந்தவர்கள் என்றால், இது இரவோடிரவாக நடந்த திடீர்த் தாக்குதல் அல்ல. பல நாள் திறந்த கடலைத் துடுப்பாலேயே கடந்திருக்கிறார்கள். இரண்டு மீட்டர் அகலத்துக்குள் இருபது பேர், கேடயங்கள், நீண்ட ஈட்டிகள், குடிநீர், சாப்பாடு எல்லாம் அடைத்துக்கொண்டு.