மாருத்: குறை விமானத்திலா, இஞ்சினிலா?

பழைய போர் விமானப் பிரியர்கள் மத்தியில் எச்.எஃப்-24 மாருத் பற்றி ஒரே தீர்ப்புதான்: பார்க்க அழகு, வேகத்தில் சோப்ளாங்கி. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

பெங்களூரு எச்.ஏ.எல்.லில் குர்த் டாங்க் இதை வடிவமைத்தபோது மனசில் வைத்திருந்தது ஆஃப்டர்பர்னர் உள்ள ஆர்ஃபியஸ் 12 இஞ்சின். இலக்கு, ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம். பிரிட்டனில் அந்த இஞ்சின் கைவிடப்பட்டது. தொடர்ந்து உருவாக்கத் தேவையான பணத்தை இந்தியா போடவில்லை. ஆஃப்டர்பர்னர் இல்லாத ஆர்ஃபியஸ் 703 இரண்டை மாட்டி, 1961 ஜூன் 17-ல் பறக்கவிட்டார்கள். எங்க மொழியில சொன்னா, வெளியாள் லைப்ரரியை நம்பி டிசைன் பண்ணி, அவன் அதை நிறுத்திட்ட கதை.

அப்படியும் 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் தரைத் தாக்குதலுக்கு நன்றாகவே உழைத்தது. வான்சண்டையில் ஒன்றுகூட வீழவில்லை. மொத்தம் செய்தது 147, 1990-ல் ஓய்வு.

எங்க திருவொற்றியூரைப் பாருங்க. 1950-களில் ரெட்டிச்சிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டித்தான் புல்லட் ஓடியது. பிறகு இஞ்சினையும் இங்கேயே செய்தார்கள். அங்கே தாய் கம்பெனி மூடியும் இங்கே வண்டி நிற்கவில்லை. ஜெட் இஞ்சின் செய்வது அத்தனை சுலபமில்லை, டர்பைன் பிளேடுக்கான உலோகமே தனி வித்தை, ஒத்துக்கறேன். பாடம் ஒண்ணுதான்.

தேஜஸ் இன்னிக்கும் அமெரிக்க எஃப்-404-லதான் பறக்குது. அதுக்காகத் தொடங்கின காவேரி அதுல ஏறவே இல்லை. மாருத்தைப் பார்த்து சிரிக்கிறவங்க, சிரிக்க வேண்டியது எதைப் பார்த்துன்னு யோசிக்கலாம்.