வீடு என்றால் பயம்

சிறார் இல்லங்களைப் பற்றிய எழுத்துகளில் ஒரு வாய்ப்பாடு உண்டு. உள்ளே துயரம், வெளியே விடுதலை. ஈரானிய இயக்குநர் மெஹர்தாத் ஒஸ்கூயியின் ‘ஸ்டார்லெஸ் ட்ரீம்ஸ்’ (2016) ஆவணப்படத்தில் அந்த வாய்ப்பாடு செல்லாது. டெஹ்ரானில் பதின்வயதுப் பெண்களை அடைத்து வைத்திருக்கும் ஓர் இல்லம். நவ்ரூஸ், அதாவது பாரசீகப் புத்தாண்டு, நெருங்குகிறது. வீட்டுக்குப் போகணும் என்றதும் சில பெண்களுக்கு முகம் செத்துவிடுகிறது. அங்கே என்ன காத்திருக்குன்னு அவங்களுக்குத் தெரியும்: அடி, போதைமருந்து, சிலருக்கு உறவுக்காரனின் கை.

இந்த விஷயத்தைப் பேச வந்தால் எர்விங் காஃப்மனைத் தாண்டிப் போக முடியாது. சிறை, மனநல மருத்துவமனை போன்ற இடங்கள் உள்ளே வருகிறவரின் பழைய அடையாளத்தை உரித்தெடுக்கின்றன என்று ‘அசைலம்ஸ்’ (1961) நூலில் எழுதினார். உடுப்பு, உடைமை, சில இடங்களில் பெயர்கூட. படத்தில் ஒரு சிறுமியிடம் கைரேகை எடுக்கும் காட்சி அந்தப் புத்தகத்துக்கு வரைந்த படம் மாதிரியே இருக்கும். ஆனால் வருகிறவருக்கு வெளியே ஒரு வீட்டு உலகம் இருந்தது, அங்கே அவர் ஓர் ஆளாக இருந்தார் என்பதை வைத்துக்கொண்டுதான் காஃப்மன் தொடங்குகிறார். இங்கே அது இல்லையே! ஒருத்தி தன் பெயரை ‘யாருமில்லை’ என்கிறாள். இன்னொருத்தி ‘651’. அது கைதி எண் அல்ல; அவளிடம் பிடிபட்ட போதைப்பொருளின் எடை, கிராமில். உரிப்பதெல்லாம் வாசலுக்கு வெளியிலேயே முடிந்துவிட்டது. உள்ளே வந்த பிறகுதான் பனியை உருட்டி எறிந்து விளையாடுகிறார்கள், சேர்ந்து பாடுகிறார்கள்.

அதற்காக இல்லம் நல்லது என்று ஆகிவிடாது. ஈரானியச் சட்டப்படி குற்றப்பொறுப்பு வயது ஆணுக்குப் பதினைந்து சந்திர ஆண்டு, பெண்ணுக்கு ஒன்பதே. உயிருக்கான நஷ்டஈட்டிலும் பெண்ணுக்குப் பாதி என்பதே அடிப்படை விதி. இல்லத்துக்கு வரும் மதகுருவிடம் அந்தப் பெண்கள் இந்தப் பாகுபாட்டைத்தான் நேராகக் கேட்கிறார்கள். படத்தில் அழுகை நிறைய; எனக்கு இந்தக் கோபம்தான் அதிகம் தங்கியது. சிறார் இல்ல ஆய்வுகளில் பயம், தனிமை, மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. கோபம் மட்டும் ‘நடத்தைப் பிரச்சினை’ என்ற பத்தியில் போய் விழும்.

படத்தோடு எனக்குச் சண்டையும் உண்டு. உன் கனவு என்ன என்று கேட்கிறார் ஒஸ்கூயி. செத்துப்போறதுதான் என்று பதில் வருகிறது. கேள்வி, மௌனம், கண்ணீர் என்று நாலைந்து பேருக்கு இதே வரிசை. ஐந்தாவது ஆளிடம் வரும்போது கேமரா கண்ணீருக்காகக் காத்திருக்குதோன்னு சந்தேகம் வந்துவிடுகிறது. உங்க வயசில் எனக்கும் ஒரு மகள் என்று அவர் சொல்லும் இடத்தில், அவள் அன்பில் வளர்கிறாள், நாங்கள் அழுக்கில் வளர்ந்தோம் என்கிற மாதிரி ஒருத்தி திருப்பிக் கொடுக்கிறாள். அதை வெட்டாமல் வைத்தது நேர்மை. ஆனால் அவள் முகத்தையும் மறைக்காமல் வைத்திருக்கிறார். எந்த வீட்டுக்குப் பயந்தாளோ அந்த வீட்டிலும் இந்தப் படத்தைப் போட்டுப் பார்க்கலாம்.