கணுவைக் கட்டத்தில் ஏற்றலாமா?

திருப்பூர் நெருப்பெரிச்சலில் எங்கள் தெருவிலேயே ஆள் வைத்துப் பனியன் செக்கிங், பேக்கிங் எடுத்துச் செய்யும் நண்பர் ஒருவர் மகளுக்கு வரன் பார்க்கிறார். மாப்பிள்ளை வீட்டார் குறிப்புச் சீட்டோடு நிற்கவில்லை. செயலியில் பணம் கட்டி எடுத்த நாற்பது பக்க அறிக்கை ஒன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். நண்பர் அதில் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"ஏனுங்க, ராகு கேது நமக்குத் தெரியும். இதென்னங்க சீரிஸ் கணு, பல்லாஸ் கணு? பையனோட சூரியன் சீரிஸ் கணு மேல உக்காந்திருக்குதாம். நல்லதுங்களா, கெட்டதுங்களா?"

அன்றைக்கு நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். கேள்வி மட்டும் விடவில்லை. சிறுகோள்களின் கணுவைச் சூரியனை மையமாக வைத்துக் கணித்து, அதைப் பிறந்த ஜாதகத்தில் பொருத்திப் பலன் சொல்லும் இந்த முறை எந்த அளவுக்குத் தாங்கும்? அதன் ஆதரவாளர்கள் சொல்லும் கணக்கையே கையில் எடுத்துக்கொண்டு சோதித்துப் பார்க்கிறேன்.

முதலில் கணு என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பூமி சூரியனைச் சுற்றும் பாதையை ஒரு கட்டிங் டேபிளின் பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுகோளின் பாதை அந்தப் பலகையில் சாய்வாகச் செருகிய ஒரு வளையம். பாதி மேலே, பாதி கீழே. வளையம் பலகையை வெட்டும் இரண்டு இடங்கள்தான் கணுக்கள். கோள் கீழிருந்து மேலே வரும் இடம் ஏறுகணு, மேலிருந்து கீழே போகும் இடம் இறங்குகணு. சூரியனில் நின்று பார்த்தால் அவை எந்தத் திசையில் தெரியுமோ, அதைப் பாகையில் சொல்வார்கள். 2000-ஆம் ஆண்டுக் கணக்கில் சீரிஸின் ஏறுகணு 80 பாகை, பல்லாஸுக்கு 173, ஜூனோவுக்கு 170, வெஸ்டாவுக்கு 104. இவை வானியலாளர்கள் அன்றாடம் பயன்படுத்தும் எண்கள். இதில் யாருக்கும் தகராறு இல்லை.

தகராறு அதற்குப் பிறகுதான். மேற்கில் 1973-இல் எலினார் பாக் சீரிஸ் முதலான நான்கு சிறுகோள்களுக்கு நிலைப் பட்டியல் வெளியிட்டார். அதே ஆண்டில் ஸிப் டாபின்ஸ் கோள்களின் கணுக்களுக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். 1986-இல் டிமெட்ரா ஜார்ஜ் சிறுகோள்களைப் பெண் தெய்வங்களாக வைத்து எழுதிய நூல் பரவலாகப் படிக்கப்பட்டது. இந்தப் பள்ளியின் வாதம் சுருக்கமாக இதுதான்: சந்திரனின் கணுவுக்கு, அதாவது ராகு கேதுவுக்கு, பலன் உண்டென்றால் மற்றவற்றின் கணுவுக்கு ஏன் இருக்கக் கூடாது? ஒரு கோளின் பாதை நம்முடைய தளத்தைத் தொடும் இடம் அது. அந்தக் கோளின் தன்மை அங்கே நம் வாழ்க்கைக்குள் இறங்குகிறது.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ராகு கேதுவை ஒப்புக்கொண்ட ஒரு ஜோதிடர் இதை ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. ஆனால் இந்த வாதத்துக்குப் பதில் நம் சித்தாந்த நூல்களிலேயே கிடக்கிறது.

கோள்களின் கணுவைப் பழைய இந்திய வானியல் அறிந்திருந்தது. 'பாதம்' என்று அதற்குப் பெயர். ஆரியபடர் குருவுக்கு 80 பாகை, சனிக்கு 100 பாகை என்று கணு வைத்தார். சூரிய சித்தாந்தம் ஒரு படி மேலே போய், ஒரு கல்பத்தில், அதாவது 432 கோடி ஆண்டுகளில், ஒவ்வொரு கோளின் கணுவும் எத்தனை சுற்றுச் சுற்றும் என்று எண்ணே கொடுக்கிறது: செவ்வாய் 214, புதன் 488, குரு 174, சுக்கிரன் 903, சனி 662. இருப்பவற்றில் வேகமான சுக்கிரனின் கணுவே ஒரு சுற்று முடிக்க 47 லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகும். கோள் கிராந்தி வீதிக்கு, அதாவது மேலே சொன்ன பலகைக்கு, எவ்வளவு வடக்கே, எவ்வளவு தெற்கே விலகியிருக்கிறது என்று கணக்கிட இந்த எண்கள் வேண்டும். அதற்கு மட்டும் பயன்படுத்திக்கொண்டார்கள். ஜாதகக் கட்டத்தில் சந்திரனின் கணுவுக்கு மட்டுமே வீடு கொடுத்தார்கள்.

எண்களைப் பக்கத்தில் வைத்தாலே காரணம் புரிந்துவிடும் என்று நினைக்கிறேன். ராகு பதினெட்டரை ஆண்டுகளில் ராசி மண்டலத்தைச் சுற்றி வருகிறது, ஒரு ராசியில் ஒன்றரை ஆண்டு. ஆளுக்கு ஆள் மாறும். மேலும் அது வெறும் கணக்குப் புள்ளி இல்லை. அமாவாசையோ பௌர்ணமியோ அதன் பக்கத்தில் விழுந்தால் கிரகணம். வாசலில் நின்று கண்ணால் பார்க்கலாம். மற்றக் கோள்களின் கணு அப்படி நகர்வதே இல்லை. கையில் கணக்கு இருந்தும் பலனுக்கு எடுக்காதது அறியாமையால் அல்ல. ராகுவைக் காட்டி மற்றக் கணுக்களுக்கும் இடம் கேட்பவர் இந்த வேறுபாட்டைத் தாண்டிக் குதிக்கிறார்.

சிறுகோள்களுக்கும் இதே கதைதான். நட்சத்திரப் பின்னணியில் சீரிஸின் கணு ஒரு பாகை பின்வாங்கச் சராசரியாக அறுபது ஆண்டுகள் பிடிக்கிறது. பிரபவ தொடங்கி அட்சய முடிய ஒரு சுற்று வாழ்ந்தவருக்கும் அவருடைய பேரனுக்கும் இடையே வித்தியாசம் ஒரே ஒரு பாகை. ஒரு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் அறுபது பிள்ளைகளுக்கும் சீரிஸ் கணு ஒரே இடம். பிறந்த நேரம் வேண்டாம், ஊர் வேண்டாம், ஆண்டுகூட வேண்டாம். எல்லோருக்கும் பொதுவான ஒன்றை வைத்து ஒருவரைப் பற்றி மட்டும் எப்படிப் பேசுவது?

ஆதரவாளர்களிடம் இதற்கும் பதில் உண்டு. கணு பொதுவாக இருக்கட்டும். அதன்மேல் உங்கள் சூரியனோ சந்திரனோ நிற்கும்போதுதான் அது உங்களுடையதாகிறது. சரி, நண்பர் காட்டிய பையனையே எடுத்துக்கொள்வோம். சீரிஸ் கணு இருக்கும் பாகையைச் சூரியன் ஆண்டுதோறும் ஜூன் 11 வாக்கில் கடக்கும். ஆக, வைகாசிக் கடைசியில் அந்த ஓரிரு நாளில் பிறந்த ஒவ்வொருவருக்கும், எந்த ஆண்டானாலும், எந்த நாடானாலும், சூரியன் சீரிஸ் கணுவின்மேல்தான். நாற்பது பக்க அறிக்கை கண்டுபிடித்துச் சொன்னது பையனின் பிறந்த தேதியை. அது குறிப்புச் சீட்டின் முதல் வரியிலேயே இருக்கிறது.

இன்னொரு ஓட்டை இதைவிடப் பெரிது. ஜாதகத்தில் மற்ற எல்லாமே பூமியில் நின்று பார்த்த திசைகள். கணு மட்டும் சூரியனில் நின்று பார்த்த திசை. பையர் அனுப்பிய ஸ்பெக் ஷீட் சென்டிமீட்டரில் இருக்கும்போது நெஞ்சளவை இஞ்ச் டேப்பில் எடுத்து அதே கட்டத்தில் எழுதினால் என்ன ஆகும் என்று திருப்பூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டாபின்ஸ் இதை உணர்ந்துதான் பூமியிலிருந்து பார்த்த கணுவையும் கணக்கில் எடுத்தார். ஆனால் அங்கே வேறொரு சிக்கல். சீரிஸின் பாதை சூரியனிலிருந்து பூமியின் தொலைவைப்போல் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மடங்குத் தொலைவில் இருக்கிறது. பூமி சுற்றச் சுற்ற அந்தப் புள்ளி இரு பக்கமும் சுமார் 20 பாகை ஆடும். ஒரு ராசியிலிருந்து அடுத்ததற்கே தாவிவிடும். அப்படியும் அது பிறந்த ஆளைப் பொறுத்து மாறுகிறதா? இல்லை. பூமி எந்தத் தேதியில் எங்கே இருக்கிறதோ அதை மட்டும் பொறுத்தது. மறுபடியும் காலண்டர்தான்.

இத்தோடு அயனாம்சம் வேறு. மேற்கத்திய சாயன முறையில் பல்லாஸ் கணு கன்னியில் 23 பாகை. லாஹிரி அயனாம்சத்தைக் கழித்தால் சிம்மத்தின் கடைசி. அறிக்கை தயாரித்த செயலி ராசிக் கட்டத்தை நிராயன முறையில் போட்டுவிட்டுக் கணுப் பலனைச் சாயன முறையிலிருந்து அப்படியே இறக்கியிருந்தது. வாக்கியமா திருக்கணிதமா என்று இன்னும் மல்லுக்கட்டும் ஊரில் இதை யாரும் கவனிக்காமல் விடுவது வேடிக்கை.

சிறுகோள் ஜோதிடத்தின் உயிர் பெயரில் இருக்கிறது. சீரிஸ் ரோமானியரின் தானியத் தெய்வம். ஆகவே தாய்மை, சோறு, பராமரிப்பு. ஆனால் 1801 ஜனவரி 1 அன்று அதைக் கண்ட பியாட்ஸி, தம் மன்னர் பெர்டினாந்தின் பெயரையும் சேர்த்தே வைத்தார். அந்தப் பாதி ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் சீரிஸ் கணுவுக்கு அரச யோகம் சொல்லியிருப்பார்களோ என்னவோ.

வெளிநாட்டுக் கதை எதற்கு? சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்துக்கு 1861-இல் வந்து சேர்ந்த நார்மன் போக்சன், அதே ஆண்டு ஏப்ரல் 17 அன்று ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியாவிலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் 'ஆசியா' என்றே பெயர். அடுத்து ஸாஃபோ, சில்வியா, கமிலா, 1885-இல் வேரா. நூறாண்டுக்கு மேல் இடைவெளி. 1988 பிப்ரவரி 17 அன்று ஜவ்வாது மலைக் காவலூரில் ராஜமோகன் கண்ட சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள், 4130 என்பது அதன் எண். பெயரை வைத்துப் பலன் என்றால், ராமானுஜன் கணுவில் சந்திரன் நின்றவருக்குக் கணக்கு வர வேண்டும். பெயர் வைத்தவர் வேறொருவரை நினைத்திருந்தால்? வானத்தில் கல் அங்கேயே இருக்கும், பலன் மட்டும் மாறிவிடும்.

அதே நுங்கம்பாக்கத்தில் போக்சனுக்குக் கீழே வேலை பார்த்தவர் சிந்தாமணி ரகுநாதாசாரி. 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டவர், திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டவர். பஞ்சாங்கத்தைத் தொலைநோக்கியின் பக்கத்தில் வைத்து, கண்ணுக்குத் தெரிவதோடு கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்தவர் அவர். ஒத்துப்போகாவிட்டால் திருத்த வேண்டியது கணக்கை.

கணுப் பலனுக்கு அப்படி ஒரு ஒத்துப்பார்ப்பு சாத்தியமா? இதைத்தான் முக்கியமான கேள்வியாகக் கருதுகிறேன். செக்கிங் டேபிளில் நூறு பீஸ் போட்டால் நூறையும் பாஸ் செய்யும் ஆளை யாரும் வேலைக்கு வைக்க மாட்டார்கள். ரிஜெக்ட் செய்யத் தெரிந்தால்தான் அது செக்கிங். ஒன்பது கிரகமும் லக்னமும் சேர்த்துப் பத்துப் புள்ளி. ஒவ்வொன்றுக்கும் இரு பக்கமும் ஒரு பாகை தளர்வு கொடுத்தால் 360-இல் 20 பாகை அடைபட்டுவிடும். ஐம்பது சிறுகோள்களை எடுத்தால் நூறு கணு. எந்த ஜாதகத்தைக் கொடுத்தாலும் ஐந்தாறு கணு தற்செயலாகவே வந்து உட்காரும். இப்போது தெரிந்த சிறுகோள்கள் 13 லட்சத்துக்கு மேல். அவற்றின் கணுக்களை வட்டத்தில் பரப்பினால் பாகைக்குச் சராசரி ஏழாயிரம், கலைக்கு நூற்றுக்கு மேல். விரலை எங்கே வைத்தாலும் கணு. எந்தச் சம்பவத்துக்கும் பிறகு போய்த் தேடினால் பொருத்தமான பெயருள்ள ஒன்று கிடைத்தே தீரும். கிடைக்காமல் போக வழியே இல்லாத இடத்தில் கிடைத்ததைச் சான்று என்று எப்படி எடுத்துக்கொள்வது?

வழக்கமான ஜாதகமே சோதனையில் தடுமாறியிருக்கிறது. வானியலாளர் ஜெயந்த் நார்லிகரின் குழு மகாராஷ்டிரத்தில் 2008-இல் நடத்திய சோதனையில், படிப்பில் சிறந்த நூறு பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய நூறு பிள்ளைகள் ஆகியோரின் ஜாதகங்களைக் கலந்து, ஆளுக்கு நாற்பதாகக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள். விடை அனுப்பிய 27 ஜோதிடர்களின் சராசரி 46 சதவீதம். காசைச் சுண்டினால் 50. அது கணுவைச் சோதிக்கவில்லை என்பது உண்மை. கணுவைச் சோதிப்பது அதைவிட எளிது: பள்ளிப் பதிவேட்டில் ஜூன் 11 வாக்கில் பிறந்தவர்களையும் மார்ச் 11 வாக்கில் பிறந்தவர்களையும் எடுத்து, பெயரை மறைத்து ஒப்பிட்டால் போதும். ஐம்பது ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருப்பவர்களில் ஒருவராவது அதைச் செய்து காட்டிவிட்டுப் பலன் சொல்லியிருந்தால் என் எழுத்தின் தொனியே வேறாக இருந்திருக்கும்.

இதனால் கணு பொய் என்று ஆகிவிடாது. சுக்கிரன் தன் கணுவை ஒட்டி வரும்போது பூமியும் அதே திசையில் இருந்தால் சூரிய வட்டத்தில் ஒரு கறுப்புப் பொட்டாக அது கடந்து போகும். 1874 டிசம்பரில் அப்படி நடந்தபோது ரகுநாதாசாரி சாதாரண மக்களுக்குப் புரியும்படி உரையாடல் வடிவில் ஒரு சிறு நூலே எழுதினார். 2004 ஜூன் 8, 2012 ஜூன் 6 ஆகிய நாட்களில் நம்மில் பலர் பார்த்தோம். இனி 2117 டிசம்பரில்தான். அது ஜூன், டிசம்பர் மாதங்களில் மட்டுமே வருவதற்குக் காரணமே சுக்கிரனின் கணு.

ஆகவே என் தீர்ப்பு: சூரிய மையக் கணு வானியலில் அசைக்க முடியாத ஒன்று. ஜாதகத்தில் அதை ஏற்றுவது, ஊருக்கே பொதுவான ஓர் எண்ணை ஒருவருடைய தலையெழுத்தாக விற்பது. அந்தப் பக்கத்தைப் பார்த்து வரனை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், தட்டவும் வேண்டாம். நண்பரிடம் இதைத்தான் சொல்லப் போகிறேன். பையன் எப்படி என்று அவன் வேலை செய்யும் இடத்தில் விசாரிக்கட்டும்.

ஒரு சிறுகோளின் கணு நம்மை நிஜமாகவே தொடுவதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 1983-இல் கண்டறியப்பட்ட ஃபேத்தன் என்னும் சிறுகோள் தன் பாதை நெடுக உதிர்த்துவிட்ட தூசியைப் பூமி, அதன் கணுவை ஒட்டி, ஆண்டுதோறும் டிசம்பர் 14 வாக்கில் கடக்கிறது. கார்த்திகைக் கடைசி. நள்ளிரவு தாண்டி, புனர்பூசம் உச்சிக்கு வரும் நேரத்தில் மொட்டை மாடிக்குப் போங்கள். டையிங், நிட்டிங் ஆலைகளின் விளக்கு கண்ணில் படாத பக்கமாகப் பாயை விரித்து, கால் மணி நேரம் கண் இருட்டுக்குப் பழகும்வரை பொறுங்கள். நிலா இல்லாத ஆண்டாக இருந்தால், எங்கள் ஊரிலிருந்தே எரிமீன்களை எண்ணலாம்.