முதுவேனில் மணங்கள்: திருப்பரங்குன்றத்துத் தோட்டப் பூக்களை ரசிக்கும் முறை

தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, ஆனி, ஆடி ஆகிய இரு மாதங்களை முதுவேனில் என்னும் பிற்கோடைக்கு ஒதுக்கியது. மதுரைச் சமவெளியில் இப்பருவத்தின் இயல்பே தனி. தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபுறத்திலேயே பெரும்பாலும் கொட்டித் தீர்ந்துவிடுவதால், கணவாய்களைத் தாண்டி இங்கே வந்து சேர்வது புழுதி கிளப்பும் வறண்ட காற்றுதான். திருப்பரங்குன்றத்தின் கருங்கல் மலை பகலெல்லாம் வாங்கிய வெயிலை முன்னிரவு வரை வெளியே விட, அடிவாரத்து வீட்டுத் தோட்டங்களில் இலைகள் தூசு படிந்து துவண்டு நிற்கும். கண்ணால் மட்டும் தோட்டம் பார்ப்பவருக்கு இம்மாதங்களில் கிடைப்பது சொற்பம். மூக்கால் பார்ப்பவருக்கோ ஆண்டின் வேறெந்தப் பருவமும் இதற்கு ஈடாகாது.

பூவின் மணம் என்பது அதன் இதழ்களில் உருவாகி எளிதில் ஆவியாகும் பல சேர்மங்களின் கலவை. வெப்பம் கூடுந்தோறும் அவை விரைந்து ஆவியாகின்றன, காற்று கூடுந்தோறும் விரைந்து சிதறுகின்றன. ஆடிக் காற்று அடிக்கும் நண்பகலில் திறந்தவெளிப் பூச்செடியின் அருகே நின்றும் ஒன்றும் தெரியாமல் போவதற்கும், காற்று ஓயும் அந்தியில் சுவர் சூழ்ந்த முற்றத்திலோ கிணற்றடியிலோ அதே செடி பத்தடி தொலைவிலேயே தன்னை அறிவிப்பதற்கும் இதுவே காரணம். ஆகவே மணத்தை ரசிக்க விரும்புபவர் முதலில் தேர்ந்துகொள்ள வேண்டியது நேரத்தையும் நிற்கும் இடத்தையும். எந்தப் பூ என்பது அதற்கு அடுத்ததே. காற்று வரும் திசையைப் பார்த்து, பூவைக் கடந்து அது தம்மை நோக்கி வரும்படி நாலைந்து அடி தள்ளி நிற்பது நல்லது. பூவைப் பறித்து மூக்கோடு அழுத்தி இழுப்பது பரவலான பழக்கமென்றாலும் பயனற்ற முறை. ஒரே மணத்தைத் தொடர்ந்து இழுக்கும்போது அதை உணரும் ஆற்றல் சிறிது நேரத்திலேயே மங்கிவிடுகிறது, முகர்வுச் சோர்வு எனப்படும் இந்நிலையிலிருந்து மீள அங்கிருந்து விலகிச் சில நிமிடங்கள் வெறுங்காற்றை உள்வாங்க வேண்டியிருக்கிறது. முகர்ந்த பூ பூசைக்கு ஆகாது என்று மூக்கைத் தள்ளியே வைத்திருந்த வீட்டுப் பெரியவர்கள், தாம் அறியாமலே பூவை ரசிப்பதற்கான சரியான தொலைவையும் கற்றுத் தந்திருக்கிறார்கள் எனலாம்.

இவ்வட்டாரத்தில் இப்பயிற்சியைத் தொடங்க மல்லியைவிடத் தகுந்த பூ இல்லை. 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, அதாவது குறிப்பிட்ட நிலப்பகுதியின் தனித்தன்மை கொண்ட விளைபொருள் என்று சட்டப்படி ஏற்கப்பட்ட இப்பூ, திருப்பரங்குன்றம் வட்டாரம் உட்பட மதுரையைச் சூழ்ந்த மாவட்டங்களில் பயிராகிறது. நாற்றுகளோ பெரும்பாலும் இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடம் பகுதி மணற்பாங்கான நிலத்தில் வேர்பிடித்து வந்தவை. பங்குனியில் பெருகத் தொடங்கும் பூப்பு ஆனியிலும் தாராளமாக நீடிப்பதால், தை மாதத்தில் விலையைக் கேட்டு மலைத்துப் போனவர்கள் இப்போது முழக்கணக்குப் பார்க்காமல் வாங்க முடிகிறது.

மல்லியின் மணத்தைப் புரிந்துகொள்ள ஒரு மொட்டை நாள் முழுவதும் பின்தொடர வேண்டும். விடியற்காலையில் பறிக்கப்படும் முற்றிய மொட்டில் ஏறக்குறைய மணமே கிடையாது. விரல்களுக்கிடையே உருட்டினால் பச்சைத் தழையின் வாசம் மட்டுமே தட்டுப்படும். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலிருந்து உதிரியாக வாங்கி வந்து ஈரத்துணியில் சுற்றி வைத்த மொட்டுகள் மாலை ஆறு மணிக்கு மேல் ஒவ்வொன்றாக நெகிழும்போதுதான் இதழ்கள் மணச் சேர்மங்களைக் காற்றில் விடத் தொடங்குகின்றன. பறித்த பின்னும் மணத்தை உருவாக்கிக்கொண்டே இருக்கும் இவ்வியல்பு எல்லாப் பூவுக்கும் வாய்த்ததன்று. சீனத்தின் பூஜோ நகரத்தில் மல்லித் தேநீர் செய்வோர் இதே இனத்து மொட்டுகளைத் தேயிலையோடு இரவில் கலந்து வைத்து, அவை விரியும்போது வெளிப்படும் மணத்தைத் தேயிலை உறிஞ்சும்படி செய்வதும், பிரான்சின் கிராஸ் நகரத்தில் முற்காலத்து வாசனைத் தொழிலாளர்கள் பிச்சிப்பூவைக் கொழுப்புத் தடவிய கண்ணாடித் தட்டின்மேல் பரப்பி அதன் மணத்தைக் கொழுப்பில் ஏற்றியதும் இவ்வியல்பை நம்பித்தான்.

விரிந்த மல்லியை எட்ட நின்று உணரும்போது முன்வருவது பழச்சாயலுள்ள இனிமை. அதற்குக் காரணமான சேர்மங்களுள் பென்சைல் அசிட்டேட்டும் லினலூலும் முக்கியமானவை. மூக்கை நெருக்கமாகக் கொண்டுபோனால் அடியில் கனமான, சற்றே விலங்குத்தன்மையுள்ள ஒரு வாசம் தென்படும். அது இண்டோல் என்னும் சேர்மத்தால் வருவது, அடர்ந்த நிலையில் அருவருப்பூட்டும் அதுவே மிகச் சிறிய அளவில் கலக்கும்போது மணத்துக்கு ஆழம் தருகிறது. இனிப்பை மட்டும் காட்டும் மலிவான மல்லி ஊதுவத்திகளில் காணாமல் போவது இந்த அடித்தளமே. ஒரு சரத்தை இரவு ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் மறுநாள் விடியலிலும் முகர்ந்து பார்ப்பவர், இனிமை மெல்லப் பின்வாங்கி இந்தக் கனம் மேலோங்கி வருவதைத் தாமே கண்டுகொள்ளலாம்.

மனோரஞ்சிதம் முற்றிலும் வேறு வழியில் ரசிக்க வேண்டிய பூ. சீதாப்பழத்தின் குடும்பத்தைச் சேர்ந்த இந்தப் படர்புதரில் பூங்காம்பே கொக்கியாக வளைந்து அருகிலுள்ள கிளையைப் பற்றிக்கொள்ள, அக்கொக்கியிலிருந்து தொங்கும் பூ பல நாட்கள் இலையின் பச்சையிலேயே மணமின்றி மறைந்திருக்கும்; பச்சை வெளிறி மஞ்சள் படரும்போது மணம் கிளம்பும். தடித்த ஆறு இதழ்களில் உள்ளே இருக்கும் மூன்றும் அடியில் குவிந்து ஒரு சிறு அறையாக மூடியிருப்பதை விரலால் மெல்ல விலக்கிப் பார்க்கலாம். பழவாசனையை நம்பி வரும் சிறு வண்டுகள் அவ்வறைக்குள் புகுந்தே மகரந்தச் சேர்க்கையை நடத்துகின்றன. மனத்தில் எந்தப் பழத்தை நினைத்தாலும் அதன் வாசனையைத் தரும் பூ என்று இதைப் பற்றி வழங்கும் நம்பிக்கையை முழுக்கத் தள்ள வேண்டியதில்லை. பழங்களில் மணம் தரும் எஸ்டர் வகைச் சேர்மங்கள் பல இப்பூவிலும் ஒன்றாக இருப்பதால், பலாவை எண்ணுபவர் பலாவின் சாயலையும் வாழையை எண்ணுபவர் வாழையின் சாயலையும் பிரித்தெடுக்க இடமிருக்கிறது. வீட்டில் இருவர் ஒரே பூவை முகர்ந்து, பேசிக்கொள்ளாமல் தம் மனத்தில் பட்ட பழத்தை எழுதி ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி. பூவை மூடியுள்ள சிமிழில் இட்டு, சிறிது நேரம் கழித்துத் திறந்து முகர்ந்தால் சாயல்கள் தெளிவாகப் பிரியும்.

மரப்பூக்களில் மகிழம் காலை நேரத்துக்கு உரியது. இரவில் மலர்ந்து விடியலில் உதிரும் இப்பூவைக் கிளையில் தேடாமல் தரையிலிருந்தே பொறுக்க வேண்டும். உதிரும்போது நடுவில் இயற்கையாகவே துளை அமைந்துவிடுவதால் ஊசியின்றி நூலில் கோக்கலாம். உலர்ந்து பழுப்பேறிய பின்னும் மணம் நீங்காதது இதன் தனிச்சிறப்பு; வகுளம் என்ற பெயரும் இதற்கு உண்டாதலால், மகிழமாலை அணிந்த நம்மாழ்வார் வகுளாபரணர் எனப்படுகிறார். துணிப்பெட்டியில் ஒரு சரத்தை இட்டு, மாதங்கள் கழித்துத் திறந்து பார்ப்பவருக்குப் புதுப்பூவின் மணத்தைவிட உலர்பூவின் மணமே அடக்கமும் நயமும் உடையதாகத் தோன்றக்கூடும்.

நாகலிங்கமும் காலைப்பூவே. தென்னமெரிக்காவைச் சேர்ந்த இம்மரத்தை 1775இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஓப்லே விவரித்தார். சிவலிங்கத்தின்மேல் படமெடுத்த நாகம் போன்ற தோற்றத்தால் அது தமிழகத்துக் கோயில் வளாகங்களில் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பூக்கள் கிளை நுனியில் தோன்றாமல் அடிமரத்திலிருந்தே புறப்படும் கொம்புகளில் மலர்வதால் முகத்துக்கு நேராக நின்று பார்க்க முடிகிறது. நடுவில் சூலகத்தைச் சுற்றி வளையமாக அமைந்த குட்டையான மகரந்தத் தாள்கள் விதையாக்கத்துக்கு உதவுபவை. நாகப்படமாக மேலே கவிந்திருக்கும் தாள்களின் மகரந்தமோ தேன் இல்லாத இப்பூவுக்கு வரும் தேனீக்களுக்கான உணவு மட்டுமே. மணம் காலையில் கூர்மையாக இருக்கும். காயைப் பற்றிக் கவனம் தேவை: பீரங்கிக் குண்டையொத்த அதன் சதை உடைந்தால் எழும் நாற்றத்தை ரசிக்க எந்தப் பயிற்சியும் போதாது.

திருப்பரங்குன்றத்தில் முதுவேனில் பூக்களைப் பற்றி எழுதுபவர் கடம்பைத் தவிர்க்க முடியாது. கடம்பவனம் என்பது மதுரையின் பழம்பெயர்களுள் ஒன்று. மீனாட்சியம்மன் கோயிலின் தலமரமும் கடம்பே. முருகன் கடப்ப மாலை அணிந்தவன் என்பது பழைய மரபு. நக்கீரரின் திருமுருகாற்றுப்படை அவனுடைய படைவீடுகளில் முதலாவதாகப் போற்றுவது இக்குன்றத்தையே. ஆனியிலும் ஆடியிலும் பூக்கும் வெண்கடம்பின் பூ எனக் கருதப்படுவது உண்மையில் நூற்றுக்கணக்கான நுண்பூக்கள் நெருங்கி அமைந்த ஓர் உருண்டை. ஆரஞ்சு நிற மேற்பரப்பிலிருந்து வெண்ணிறச் சூல்தண்டுகள் ஊசிகளைப் போல எல்லாத் திசையிலும் நீட்டிக்கொண்டிருக்கும். மல்லியின் அடர்த்தி இதில் இல்லை. மாலை மயங்கும் வேளையில் மரத்தடியில் சற்றுப் பொறுத்து நின்றால், தேனும் ஈரமரமும் கலந்ததுபோன்ற மெல்லிய மணம் அலையலையாக இறங்கும். வட இந்திய அத்தர் தொழிலில் இதன் மணத்தைச் சந்தன எண்ணெயில் வடித்தெடுக்கும் வழக்கம் உண்டு. கடம்பவனத்து மக்களுக்கோ இப்பூ பெரும்பாலும் கோயிற்பெயராகவும் பாட்டாகவும் மட்டுமே எஞ்சியிருப்பது வருந்தத்தக்கது.

இரவுக்கு உரிய பூக்களில் நிஷாகந்தி கள்ளியினத்தைச் சேர்ந்தது. இலைபோலத் தட்டையாகத் தோன்றும் அதன் தண்டின் விளிம்பிலுள்ள பள்ளத்திலிருந்து மொட்டு புறப்படுகிறது. தொங்கும் மொட்டின் கழுத்து மேல்நோக்கி வளைந்து நுனி உப்பினால் பூக்கும் இரவு நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம். ஒன்பது மணிக்கு மேல் விரியத் தொடங்கி நள்ளிரவில் முழுமை பெற்று விடியுமுன் துவளும் இதற்காக அக்கம்பக்கத்தாரை அழைத்து விழித்திருப்பது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. திருப்பரங்குன்றத்து வெயிலுக்கு இதை மரநிழலில் வைத்தால்தான் தாங்கும். இரங்கூன் மல்லியின் பூ அந்தியில் வெண்மையாக விரிந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, அதற்கடுத்து நன்கு சிவக்கும். மணம் வெண்மையோடு சேர்ந்தது என்பதால் ஒரே கொத்தில் வெள்ளைப் பூவையும் சிவந்த பூவையும் அடுத்தடுத்து முகர்ந்தால் வேறுபாடு உடனே புலப்படும்.

இவற்றுள் ஒன்றையாவது வீட்டில் வளர்க்க எண்ணுபவர் சிறு முற்றத்துக்கு மல்லியையும், வேலி ஓரத்துக்கு மனோரஞ்சிதத்தையும், தெருவோரத்துக்கு மகிழத்தையும் தேர்ந்துகொள்ளலாம். கண்மாய்க்கரை போன்ற ஈரமும் இடமும் உள்ளவர்கள் கடம்பை நட்டால் ஊருக்கே உபகாரம். மல்லி வைப்பவர்கள் கார்த்திகை நடுப்பகுதியில், அதாவது நவம்பர் கடைசி வாரத்தில், செடியைத் தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கவாத்து செய்ய, அதாவது கிளைகளை வெட்டிவிட, மறக்க வேண்டாம். அடுத்த ஆனியின் பூ அப்போது வெட்டிய கிளைகளின் புதுத்தளிரிலிருந்துதான் வர வேண்டும்.